திறவாத பட்டியல்

உரைநடைப் பாடம்

மாணவர்களே, கணினித் திரையின் அடிப்பகுதியில் நான்கு கட்டங்கள் கொண்ட சாளரம் போன்ற சிறு குறி ஒன்றைக் கண்டிருப்பீர்கள். அதனைச் சொடுக்கினால் பட்டியல் ஒன்று விரியும். விண்டோஸ் இயங்குதளத்தில் இதற்கு ஸ்டார்ட் மெனு என்று பெயர். நாம் தொடக்கப் பட்டியல் என்போம். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 95 பதிப்பில் இது அறிமுகமாயிற்று. 2012இல் வந்த விண்டோஸ் 8 இதனை நீக்கிவிட்டுத் திரை முழுவதையும் வண்ணக் கட்டங்களால் நிரப்பியது. பயன்படுத்துவோர் பலர் குறைபட்டுக்கொண்டனர். 2015இல் வந்த விண்டோஸ் 10 பட்டியலைத் திரும்பக் கொணர்ந்தது.

இப்பட்டியல் சில வேளைகளில் திறக்க மறுக்கும். அவ்வாறு நேர்ந்தபோது நாங்கள் இழந்தது என்ன என்பதை முதலில் கூறிவிடுகிறேன்.

நான் முன்னர்ப் பணியாற்றிய ஊரில், கோடை விடுமுறைக்குத் தமிழகம் சென்று திரும்பிய மாணவர்கள் தத்தம் பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேட்ட கதைகளைத் தொகுத்தனர். தமிழ்த் தட்டச்சும் பழகட்டும் என்று கருதி, தாளில் எழுதாமல் நேரே கணினியிலேயே எழுதச் செய்தேன். 31 கதைகள் சேர்ந்தன. ஒருநாள் காலையில் அக்கணினியின் தொடக்கப் பட்டியல் திறக்கவில்லை. கணினியே கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, பழுது நீக்குபவர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவர் வட்டினை முழுவதும் அழித்துவிட்டு விண்டோஸை மீண்டும் நிறுவித் தந்தார். பட்டியல் நன்றாகவே திறந்தது. கதைகள் இல்லை. அவரைக் குறைகூற இயலாது. உள்ளே கோப்புகள் உள்ளன என்று நாங்கள் சொல்லவும் இல்லை, படி எடுத்து வைக்கவும் இல்லை. பலர் ஊருக்குத் தொலைபேசியில் பேசிக் கதையை மீண்டும் எழுதினர். ஒரு மாணவியின் பாட்டி அதற்குள் காலமாகிவிட்டார். அவள் தனக்கு நினைவிருந்த பாதிக் கதையை மட்டும் எழுதித் தந்தாள்.

எங்கள் பிழை எது? பட்டியலையும் கணினியையும் ஒன்றாகக் கருதியதே. உணவகத்தில் மெனு அட்டை கிழிந்துவிட்டால் அடுப்பு அணைந்துவிட்டது என்று எவரேனும் எண்ணுவரா? தொடக்கப் பட்டியல் என்பது விண்டோஸுக்குள் இயங்கும் ஒரு சிறு நிரல். பணிப்பட்டையையும் முகப்புத் திரையையும் காட்டுவது விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் என்னும் மற்றொரு நிரல். நீங்கள் எழுதிய கோப்புகளோ இவ்விரண்டிலும் இல்லை. அவை வட்டில், உங்கள் கணக்கின் பெயர் தாங்கிய கோப்புறையில், டாக்குமென்ட்ஸ் போன்ற உட்பகுதிகளில் இருக்கின்றன. பட்டியல் முடங்கினாலும் அவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆகவே, பட்டியல் திறக்கவில்லையெனில் முதற்கண் கோப்புகளைக் காத்துக்கொள்க. பணிப்பட்டையில் உள்ள மஞ்சள் நிறக் கோப்புறைக் குறியைச் சொடுக்குக; அல்லது விண்டோஸ் விசையுடன் ‘இ’ என்னும் ஆங்கில எழுத்து விசையைச் சேர்த்து அழுத்துக. கோப்புறைகள் திறக்கும். வேண்டியவற்றைப் பென்டிரைவில் படி எடுத்துக்கொள்க. இதன்பிறகு பழுதை நிதானமாக ஆராயலாம்.

ஆராய்தல் என்பது சிறு சிறு வினாக்களைக் கேட்டு, ஒவ்வொன்றிலும் ஐயத்தின் எல்லையைக் குறுக்கிக்கொண்டே வருதல். சுட்டியால் சொடுக்கினால் பட்டியல் திறக்கிறதா? விண்டோஸ் விசையை அழுத்தினால் மட்டும் திறக்கவில்லையா? அவ்வாறாயின் பட்டியலில் பழுதில்லை, விசையில்தான் பழுது. விளையாட்டுக்கென விற்கப்படும் சில விசைப்பலகைகளில், ஆட்டத்தின் நடுவே கை தவறிப் பட்டுவிடாதபடி விண்டோஸ் விசையைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. அது பூட்டியிருப்பதை அறியாமல் மணிக்கணக்கில் மென்பொருளை நோவோர் உளர். கண்ட்ரோல், எஸ்கேப் ஆகிய விசைகளை ஒருசேர அழுத்திப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். அவ்விசைகளும் இதே பட்டியலைத் திறப்பவை.

எவ்வழியிலும் திறக்கவில்லையெனில், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துக. டாஸ்க் மேனேஜர் தோன்றும். அப்போது கணினியில் இயங்கும் நிரல்கள் யாவும் அதில் வரிசையாகத் தெரியும். சிறிய பெட்டியாகத் தோன்றினால், கீழுள்ள ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்பதைச் சொடுக்கி விரித்துக்கொள்க. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் என்னும் பெயரைத் தேடி, அதன்மீது சுட்டியின் வலப்பொத்தானைச் சொடுக்கி, ‘ரீஸ்டார்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க. பணிப்பட்டை ஒரு நொடி மறைந்து மீண்டும் தோன்றும், அஞ்ச வேண்டா. பல நேரங்களில் இதுவே போதுமானது. எங்கள் 31 கதைகளுக்கும் இச்சிறு செயலே போதுமானதாய் இருந்திருக்கக்கூடும்.

இதனாலும் தீரவில்லையெனில் கணினியை மறுதொடக்கம் செய்க. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘ஷட் டவுன்’ கொடுத்து மீண்டும் இயக்குவதும் ‘ரீஸ்டார்ட்’ கொடுப்பதும் ஒன்றென எண்ணுகிறோம். விரைந்து தொடங்கும் பொருட்டு, விண்டோஸ் 10இல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் வசதி உள்ளது. அது செயலில் இருப்பின், ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் உட்பகுதியின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே எடுத்தாளப்படும். ரீஸ்டார்ட் கொடுக்கும்போதுதான் அப்பகுதியும் புதிதாகத் தொடங்கும். பட்டியல் திறவாதபோது ரீஸ்டார்ட் கொடுப்பது எங்ஙனம்? முகப்புத் திரையின் வெற்றிடத்தை ஒருமுறை சொடுக்கிவிட்டு, ஆல்ட், எஃப்4 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அதற்கான பெட்டி தோன்றும். மின்பொத்தானை நெடுநேரம் அழுத்தி அணைத்தல் கடைசி வழி. எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பு அதனால் சிதையக்கூடும்.

அடுத்த வினா: பழுது விண்டோஸிலா, உங்கள் கணக்கிலா? ஆசிரியரின் துணையுடன் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பார்க்க. அங்கே பட்டியல் திறந்தால், பழைய கணக்கின் அமைப்புகளே சிதைந்துள்ளன. கோப்புகளைப் புதிய கணக்கிற்கு மாற்றிக்கொண்டு பணியைத் தொடரலாம். அங்கும் திறக்கவில்லையெனில் இயங்குதளக் கோப்புகளில் குறை இருக்கலாம். சிஸ்டம் ஃபைல் செக்கர் என்னும் கருவி, சிதைந்த கோப்புகளைக் கண்டறிந்து சீர்செய்யும். அதனை இயக்க நிர்வாகி உரிமை வேண்டும். ஆகவே அப்பணியைக் கணினி ஆசிரியரிடம் விட்டுவிடுக. வட்டினை அழித்தல் இவை யாவற்றிற்கும் பிறகு வருவது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ என்பதைப் பயிலும்போது, மருத்துவர் எதனை முதலில் ஆராய வேண்டும் என்று வள்ளுவர் கூறுவதை இப்பாடத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சொல் அறிவோம்

இயங்குதளம் – கணினியின் பிற நிரல்கள் செயல்படுவதற்கு அடிப்படையான மென்பொருள்
நிரல் – கணினி செய்ய வேண்டியவற்றைக் கூறும் கட்டளைகளின் தொகுப்பு
வட்டு – கோப்புகள் நிலையாகச் சேமிக்கப்படும் இடம்
நோதல் – இங்கு, குறைகூறுதல்

இலக்கணம்

‘சொடுக்கினால் விரியும்’, ‘திறந்தால் தொடரலாம்’ ஆகியவற்றில் ஒரு செயல் நிகழ்வது மற்றொன்றைச் சார்ந்துள்ளது. சொடுக்கினால், திறந்தால் என்பன நிபந்தனை எச்சங்கள். ‘அழுத்துக’, ‘செய்க’ என்பன வியங்கோள் வினைமுற்றுகள்.

பயிற்சி

1. பாடத்தில் வரும் நிபந்தனை எச்சங்கள் மூன்றினை எடுத்தெழுதுக.

2. திற, எடு, பார், எழுது – இவற்றை வியங்கோள் வினைமுற்றுகளாக மாற்றி வாக்கியத்தில் அமைக்க.

3. சுட்டியால் திறக்கும் பட்டியல் விசையால் திறக்கவில்லை. பழுது எங்கே உள்ளது? எவ்வாறு அறிந்தீர்?

4. வீட்டில் மின்விளக்கு எரியவில்லை. காரணத்தை அறிய நீங்கள் கேட்கும் வினாக்களை வரிசைப்படுத்தி எழுதுக.

5. உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு கதை கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே கணினியில் எழுதுக. அதன் படி ஒன்றை வேறோர் இடத்தில் சேமித்து, எங்கே வைத்துள்ளீர் என்பதைக் குறிப்பேட்டில் குறித்துக் காட்டுக.