மாடி மீட்டரின் பாக்கி

நாங்கள் வாங்கிய வீட்டில் மாடிப்படி ஏறியதும் இடதுகைப் பக்கச் சுவரில் ஒரு மரப்பலகை இருந்தது. அதன் நடுவில் தூசு படியாத வெளுத்த சதுரம், நாலு மூலையிலும் ஆணித்துளை. மேலே டேப் சுற்றிய இரண்டு வயர் முனைகள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. சதுரத்துக்குக் கீழே பெயிண்டில் எழுதிய எண்ணில் கடைசி மூன்று இலக்கம் மட்டும் படிக்கிற மாதிரி இருந்தது. வீடு பார்க்கப் போன அன்றைக்கே இதைப் பார்த்தேன். "இது என்னண்ணே?" என்று கேட்டேன். "மாடிக்குத் தனி மீட்டர் இருந்துச்சு தங்கச்சி. தேவைப்படல, எழுதிக் கொடுத்துட்டோம்" என்றார் விற்றவர். நம்பினேன். அந்த ஒரு பதிலை நம்பியதற்கு 41,860 ரூபாய் கட்டினேன்.

பழைய வீடு வாங்கிக் குடி போகிற எல்லோரும் கீழ் வீட்டு ஈ.பி. கார்டையும் கடைசி ரசீதையும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்தி ஆகிவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். 2024 தை மாதம் பத்திரம் பதிந்தோம், மாசியில் பால் காய்ச்சினோம். கீழ் இணைப்பின் பெயர் மாற்றத்துக்கு கிரயப் பத்திர நகல், வீட்டு வரி ரசீது, ஆதார் மூன்றையும் இணையத்தில் ஏற்றினேன். பெயர் மாறியது. அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பெயரை மாற்றும்போதே கைபேசி எண்ணையும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பில் வந்த தகவல் விற்றவர் போனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இணைக்கப்பட்டிருக்கும் ஆதாரும் அவருடையதுதான், அதையும் மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

சித்திரையில் மாடிக்கு ஒரு குடும்பம் குடி வந்தது. ஜூன் மாத ரீடிங்கில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டரில் 640 யூனிட். பில் 3,110 ரூபாய். நம் ஊரில் வீட்டுக்கு அப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கு அன்றைய விகிதத்தில் 2 ரூபாய் 25 காசுதான். 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 போய் அன்றைக்கு 4.50 ஆனது, அதற்கு மேல் யூனிட் 8 ரூபாய், 9 ரூபாய் என்று ஏறியது. அதே 640 யூனிட்டை இரண்டு மீட்டரில் 320, 320 ஆகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 765, மொத்தம் 1,530. பாதிக்கும் குறைவு. மாடிக்குத் தனி வாசல், தனி சமையல்கட்டு, தனிக் குடும்பம். தனி இணைப்பு கேட்பது முறையான கோரிக்கைதான். "எதுக்கும்மா இன்னொரு சர்வீஸு, வீண் செலவு" என்று என் மூத்தார் சொன்னார். கணக்கைப் பேப்பரில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். அந்த முடிவு சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதற்காகப் போய் நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் இருந்தவர் கதவிலக்கத்தைக் கேட்டார், கம்ப்யூட்டரில் பார்த்தார், பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய பேரேட்டை எடுத்துப் புரட்டினார். விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அம்மா, இந்த இடத்துல ஏற்கெனவே மாடிக்கு ஒரு சர்வீஸ் இருந்திருக்கு. பாக்கியில கட் பண்ணி மீட்டர் எடுத்திருக்காங்க. அதைத் தீர்க்காம புது சர்வீஸ் போட முடியாதும்மா." எழுதிக் கொடுத்து ஒப்படைத்த இணைப்பு என்று விற்றவர் சொன்னது முழுப் பொய். அந்த மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வாடகைக்கு இருந்திருக்கிறது. ஏ.சி., இருபது மெஷின், எல்லாம் வீட்டு இணைப்பிலேயே ஓடியிருக்கிறது. சோதனைக்கு வந்தவர்கள் கண்டுபிடித்து, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி கணக்குப் போட்டிருக்கிறார்கள். வீட்டு இணைப்பில் வியாபாரம் நடத்தினால் வியாபாரக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்குப் போடலாம். வாடகைக்காரர் காலி செய்து போய்விட்டார். வீட்டுக்காரர் கட்டவில்லை. தாமதக் கட்டணம் ஏறி ஏறி 41,860-இல் நின்றிருக்கிறது.

இதில் அலுவலகத்தில் இருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் விதியைச் சொன்னார்கள், பொறுமையாகவும் சொன்னார்கள். நான்தான் தெரியாமல் வாதாடினேன். "யாரோ ஓட்டின கரண்ட்டுக்கு நான் ஏன் சார் கட்டணும்?" என்று கேட்டேன். பிறகு ஒரு வழக்கறிஞரிடம் போனபோதுதான் புரிந்தது. தமிழ்நாட்டின் 2004 மின் வழங்கல் விதித்தொகுப்பின்படி ஓர் இடத்தின் மின்பாக்கி அந்த இடத்தைத் தொடர்ந்து வரும். வாங்கியவர் கட்டித்தான் இணைப்பு பெற முடியும். ஏலத்தில் சொத்து வாங்கியவர்கள் பலர் இதே கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். விதி அப்படி இருந்தால் பழைய உரிமையாளரின் பாக்கியைப் புதிதாக இணைப்பு கேட்பவரிடம் வாங்கலாம் என்று 2023 மே மாதம் தீர்ப்பு வந்துவிட்டது. என் வாதத்துக்கு அங்கேயே முடிவு கட்டியாகிவிட்டது.

நான் விட்டது ஒன்றுதான். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். தாய்ப்பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாம் வழக்கறிஞரிடம் கொடுத்துப் பார்த்தேன். ஆனால் வில்லங்கச் சான்றில் பதிவு அலுவலகத்தில் பதிவானவைதான் வரும், மின்பாக்கி வராது. அதைப் பார்க்க வேறு இடத்துக்குப் போக வேண்டும். நான் போகவில்லை. போக நினைத்தேன் என்பதுதான் இன்றைக்கும் மனசைக் குடைகிறது. பதிவுக்கு நாலு நாள் முன்னால், "அந்த மாடி நம்பரைக் கொண்டுபோய் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்றேன். மூத்தார்தான் தடுத்தார். "நம்ம ஊர்க்காரர், ஒரே தெரு, சந்தேகப்பட்டுப் போய்க் கேட்டா நல்லா இருக்காதும்மா" என்றார். பெரியவர் பேச்சு என்று அடங்கிவிட்டேன். ஊர்க்காரர் என்பதற்காகக் கேட்காமல் இருப்பது மரியாதை ஆகாது. பணம் கொடுக்கிறவர் கேட்கத்தான் வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படிச் சொல்ல ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

கிரயப் பத்திரத்தில் பதிவு நாள் வரைக்குமான வரி, மின்கட்டணப் பாக்கி எதுவாக இருந்தாலும் விற்பவரே தீர்ப்பார் என்று ஒரு வரி இருந்தது. உங்கள் பத்திரத்திலும் இருக்கும். அந்த வரி என்னைக் காப்பாற்றும் என்றுதான் நினைத்தேன். அது விற்றவருக்கும் எனக்கும் இடையிலான ஒப்பந்தம், மின்வாரியத்தை அது கட்டுப்படுத்தாது. முதலில் நான் கட்டிவிட்டு, அப்புறம் அவரிடம் கேட்டு வாங்க வேண்டும், கொடுக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். பத்திர நகலோடு அவர் வீட்டுக்குப் போனேன். "அது வாடகைக்காரன் ஓட்டினது தங்கச்சி, நான் என்ன பண்ண?" என்றார். இணைப்பு அவர் பெயரில், வாடகையை மாதாமாதம் வாங்கியவரும் அவர். தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் பேசிய பிறகு 15,000 ரூபாய் கொடுத்தார். மீதிக்கு என் கைவளையல் ஜோடி அடகுக் கடைக்குப் போனது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டைச் சுற்றி வந்து மீட்டர்களை எண்ணுங்கள். மீட்டர் இருக்கிற இடம் மட்டும் போதாது, இருந்து எடுத்த இடத்தையும் தேடுங்கள். மாடி, மோட்டார் அறை, வாசல் கடை எல்லாம் பாருங்கள். சுவரில் ஆணித்துளையோ, வெட்டிய வயரோ, அழிந்த எண்ணோ இருந்தால் போட்டோ எடுங்கள். இணைப்பு எண்ணில் மண்டலம், பிரிவு, பகிர்மானம், கடைசியில் அந்த வீட்டின் வரிசை எண் என்று இருக்கும். எங்கள் திருச்சி மண்டலத்துக்கு 06. பக்கத்து வீட்டு எண்ணைப் பார்த்தால் முன்பகுதி தெரிந்துவிடும், அழிந்த எண்ணையும் கண்டுபிடித்துவிடலாம். விற்பவரைக் கூடவே அழைத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள். இந்தக் கதவிலக்கத்தில் இதுவரை எத்தனை இணைப்பு இருந்தது, துண்டித்தது உண்டா, பாக்கி உண்டா என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வர மறுத்தால் அந்த வீடு வேண்டாம். காப்புத் தொகையை உங்கள் பெயருக்கு மாற்றச் சம்மதம் என்று விற்பவரிடம் அன்றைக்கே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். பதிவு நாள் காலையில் மீட்டரில் ஓடும் ரீடிங்கைத் தேதி தெரிய போட்டோ எடுங்கள். எல்லாப் பாக்கியும் தீர்ந்தது என்று தெரியும்வரை கிரயத் தொகையில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, அதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விற்பவருக்கு வருத்தம் வரும், வரட்டும்.

பாக்கியைக் கட்டிய பிறகு புது இணைப்பு கிடைத்தது. வெளுத்த சதுரம் இருந்த அதே பலகையில் இப்போது புது மீட்டர் மாட்டியிருக்கிறது, எண்ணை நானே பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். மாடிக் குடும்பம் அவர்கள் பில்லை அவர்களே கட்டுகிறார்கள். கீழ் மீட்டர் அதற்குப் பிறகு 500-ஐத் தாண்டவில்லை. விற்றவர் தர வேண்டிய மீதி 26,860 ரூபாய் இன்னும் வரவில்லை.