பண்டிகைக் காலக் கிடங்கு: அத்திபெலே தரும் பாடம்

ஓசூரைக் கடந்து கர்நாடக எல்லைக்குள் நுழைந்தவுடன் வரும் ஊர் அத்திபெலே. 2023 அக்டோபர் 7 அன்று, தீபாவளிக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், அங்குள்ள பட்டாசுக் கடையோடு இணைந்த கிடங்கில் வாகனத்திலிருந்து சரக்கை இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பற்றியது. 14 உயிர்கள் பறிபோயின; காயமுற்றோரில் சிலர் பின்னர் மருத்துவமனையில் இறந்தனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து பருவ வேலைக்காகச் சென்ற இளைஞர்கள். விசாரணை சி.ஐ.டி. பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது.

பட்டாசு வணிகருக்கு மட்டும் உரிய பாடமன்று இது. துணி, எண்ணெய், காகிதம், நெகிழிப் பொருள் என எதைச் சேமிப்பவராயினும், பண்டிகையை முன்னிட்டு இருப்பைப் பெருக்குகிறார். சரக்கு பெருகும்போது உரிமம், வழி, காப்பீடு ஆகிய மூன்றும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அவற்றில் ஒன்று பின்தங்கினாலும் கிடங்கு ஆபத்துக்குள்ளாகிறது.

உரிமம்: வெடிபொருள் விதிகள், 2008-இன் கீழ் வழங்கப்படும் உரிமத்தில் எவ்வகைச் சரக்கை எவ்வளவு வைக்கலாம் என்பது குறிக்கப்பட்டிருக்கும். ‘நாளையே விற்றுவிடும்’ என்ற நம்பிக்கையில் அவ்வளவை மீறுவது பெருந்தவறு. உரிம நிபந்தனை மீறப்பட்டிருப்பின் இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்திற்கு இடமுண்டு. தினசரி வரவு செலவைப் பதிவேட்டில் அன்றன்றே எழுதுபவருக்கே தம் இருப்பு வரம்பை நெருங்குவது முன்கூட்டித் தெரியும்.

வழி: இடம் போதாதபோது முதலில் பறிபோவது நடைபாதை. பின்வாசலை மறைத்துப் பெட்டிகளை அடுக்குவதும், மின்பலகையை ஒட்டிச் சரக்கை வைப்பதும், சரக்கு இறக்கும் வாகனத்தை ஒரே வாசலை அடைத்து நிறுத்துவதும் பரவலாகக் காணப்படும் தவறுகள். சரக்கு இறங்கும் நேரத்தில்தான் ஆட்களும் வாகனமும் பெட்டிகளும் ஒரே இடத்தில் குவிகின்றன. எனவே அந்நேரத்தில் இரண்டாவது வாசல் திறந்திருத்தல் இன்றியமையாதது. புதிதாக வந்த பருவகால ஊழியருக்கு அவ்வாசலையும் தீயணைப்பானையும் முதல் நாளிலேயே காட்ட வேண்டும்.

காப்பீடு: ஆண்டுத் தொடக்கத்தில் எடுத்த பாலிசியின் தொகை பண்டிகைக் கால இருப்புக்குப் பெரும்பாலும் போதுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டு: இருப்பின் மதிப்பு ரூ.50 லட்சம், காப்பீட்டுத் தொகை ரூ.30 லட்சம், தீயினால் நேர்ந்த இழப்பு ரூ.20 லட்சம். இழப்பு காப்பீட்டுத் தொகைக்குள் அடங்குவதால் முழுத்தொகையும் கிடைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் பொதுவாகப் பின்பற்றப்படும் சராசரி விதியின்படி, மதிப்பில் ஐந்தில் மூன்று பங்கே காப்பீடு செய்யப்பட்டிருப்பதால், இழப்பிலும் ஐந்தில் மூன்று பங்காகிய ரூ.12 லட்சமே கிடைக்கும். எஞ்சிய ரூ.8 லட்சம் வணிகரின் சுமை. சரக்கு எரிந்தாலும் கடன் எரிவதில்லை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

பாலிசியில் குறிப்பிட்ட முகவரிக்கு அப்பால், தற்காலிகமாக வாடகைக்கு எடுத்த கிடங்கில் வைத்த சரக்குக்கும் பாதுகாப்பு தானாகக் கிட்டாது. பல கிடங்குகளுக்குச் சேர்த்து எடுக்கும் பாலிசியும், ஏறி இறங்கும் இருப்பின் மதிப்பை மாதந்தோறும் அறிவிக்கும் பாலிசியும் இத்தகையோருக்கென உள்ளன. அபாயகரமான பொருள்களைக் கையாள்வோர் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1991-இன்படி தனிக் காப்பீடும் எடுத்தாக வேண்டும். ஊழியர் இழப்பீட்டுப் பொறுப்பு இதனின்று வேறானது.

ரொக்கக் கடன் பெற்றுள்ள வாடிக்கையாளர்கள் மாதந்தோறும் வங்கிக்கு இருப்பறிக்கை அளிக்கின்றனர். அதனை வெறும் சடங்காகக் கருதாது, அறிக்கையில் உள்ள தொகையை உரிமத்தின் அளவோடும் பாலிசியின் தொகையோடும் முகவரியோடும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். புதிய கிடங்கு எடுத்தால் வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இவ்வாறு சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும். அடுத்த லாரிக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன் அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள்.