கேஸ் வாடை வந்தால் ஃபேனைப் போடலாமா?

கேள்வி: ராத்திரி அடுப்படியில் கேஸ் வாடை. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடப் போன என் கையை மாமியார் தட்டிவிட்டார். அவர் செய்தது சரிதானா?

பதில்: நூற்றுக்கு நூறு சரி. சுவிட்சைத் தட்டும்போது உள்ளே எழும் சின்னப் பொறி போதும், கசிந்த கேஸ் பற்றிக்கொள்ள. அணைக்கும்போதும் அதே பொறிதான். எரிகிற விளக்கு எரியட்டும், ஓடுகிற ஃபேன் ஓடட்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவி, மேடைக்கடியிலும் மூலையிலும் தேங்கும். அதனால் ஜன்னலோடு நிற்காமல் கதவையும் விரியத் திறக்க வேண்டும். சாமி விளக்கு எரிந்தால் அதை முதலில் அணையுங்கள். பிறகு ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரோடு நூலில் தொங்கும் வெள்ளை மூடியை வாயில் அழுத்திவிடுங்கள். (பல வீடுகளில் அந்த மூடி வந்த அன்றே குப்பைக்குப் போய்விடுகிறது!) வாடை மூச்சை முட்டினால் இதையெல்லாம் பார்க்காமல் எல்லோரும் வெளியேறுவதே புத்திசாலித்தனம்.

கசிவு பெரும்பாலும் ட்யூபில்தான். ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபை ஐந்து வருடத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். அதன்மேல் வருடம் அச்சிட்டிருக்கும், இன்றே பாருங்கள். சந்தேகமிருந்தால் சோப்பு நுரையைத் தடவுங்கள், கசியும் இடத்தில் குமிழி வரும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தையில்லை.

கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906. இருபத்துநான்கு மணிநேரமும் எடுப்பார்கள். வாசலுக்கு வெளியே வந்து போன் செய்யுங்கள்.