கிளப்பில் உனக்கென்று ஒரு வேலை

தங்கச்சி, ஹாம் ரேடியோ பரீட்சை பாஸ் பண்ணி, வி.யூ.3 என்று தொடங்கும் கால் சைனும் வாங்கிவிட்டாய். ஆனால் ஹாம் கிளப் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துவிடுகிறாய். "எல்லாரும் பெரியவங்க, நான் என்னக்கா பேசுறது?" என்கிறாய். முதல் வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் ஒரு பெரியவர் லாக் நோட்டை என் கையில் கொடுத்து, "எழுதும்மா" என்றார். அன்றிலிருந்துதான் அது என் கிளப் ஆனது. பேச்சு தானாக வரும். முதலில் ஒரு வேலையைப் பிடித்துக்கொள்.

கிளப் ஆட்கள் ரேடியோவில் கூடிப் பேசும் நெட்டில் தினமும் தலைகாட்டு. முதல் ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இரு. யார் எப்போது பேசுகிறார்கள், நெட் கண்ட்ரோல் எப்படி அழைக்கிறார் என்பது பிடிபடும். பிறகு உன் கால் சைனை நிதானமாகச் சொல்: "விக்டர், யூனிஃபார்ம், த்ரீ..." ரிப்பீட்டர் வழியாகப் பேசும்போது பட்டனை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசு, இல்லாவிட்டால் முதல் எழுத்து விழுங்கப்படும். ஒருவர் முடித்ததும் கொஞ்சம் இடைவெளி விடு. அவசரமாக யாராவது குறுக்கே வரவேண்டியிருக்கலாம்.

லாக் எழுது. கால் சைன், அலைவரிசை, சிக்னல் ரிப்போர்ட், நேரம். நேரத்தை யு.டி.சி.யில் எழுது, நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழித்தால் போதும். ரிப்போர்ட் 59 என்றால் பேச்சுத் தெளிவுக்கு 5, சிக்னல் பலத்துக்கு 9. ஒரு மாதம் எழுதினால் யார் எந்த ஊர், யார் எதில் கெட்டிக்காரர் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

கயிறு பிடி. கிளப் வெளியூர் போய் செட் போடும் நாளில் முதல் ஆளாய்ப் போ. 40 மீட்டர் பேண்ட் டைபோல் ஆண்டெனாவுக்குக் கம்பி மொத்தம் சுமார் 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. கொஞ்சம் நீளமாகவே வெட்டு; பிறகு எஸ்.டபிள்யு.ஆர். மீட்டர் பார்த்துக் கத்தரித்துக்கொள்ளலாம். மின்கம்பி போகும் பக்கம் மட்டும் ஆண்டெனா வேண்டவே வேண்டாம். புத்தகத்தில் படித்த தியரி, கம்பியை இழுத்துக் கட்டும்போதுதான் மனதில் ஏறும்.

அடுத்தவருக்குச் சொல்லிக்கொடு. 12 வயது ஆனாலே இந்தப் பரீட்சை எழுதலாம். ரெஸ்டிரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை. பரீட்சை எழுதிய சூடு ஆறாத நீதான் அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல டீச்சர். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கவை. எப்போதும் பேச்சு இருக்காது. ஆனால் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அந்தப் பிள்ளை ரேடியோவை விடாது.

அவசரப் பயிற்சியைத் தவறவிடாதே. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் அந்தமானில் ஹாம் நிலையம் அமைத்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். 26-ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசி செத்தபோது, அவருடைய ஹாம் ரேடியோ தீவுச் செய்திகளை வெளியே கொண்டுபோனது. அவர் கையில் ஏற்கெனவே பழக்கம் இருந்தது; அதனால்தான் முடிந்தது. நீயும் பழகு: யார், எங்கே, எத்தனை பேர், என்ன வேண்டும். எழுதிவை, வாசி, எதிர்முனையைத் திருப்பிச் சொல்லச் சொல். உன் ஊகத்தை ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதே. பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்.

அடுத்த கூட்டத்தில் செயலாளரிடம் போய், "ஏதாவது வேலை இருக்கா சார்?" என்று கேட்காதே. "இந்த மாசம் லாக் நான் எழுதுறேன்" என்று சொல். கேள்வியை மறந்துவிடுவார்கள், பொறுப்பை ஏற்றுக்கொண்டவளை மறக்க மாட்டார்கள்.

ஹாம்கள் விடைபெறும்போது 73 சொல்வார்கள். பெண் ஹாம்கள் தங்களுக்குள் அன்போடு சொல்லிக்கொள்வது 33. நாளைக் காலை நெட்டில் உன் குரல் வரட்டும். அக்கா காத்திருந்து சொல்கிறேன், 33.