மூன்று கோடும் ஒரே வீட்டுச் சாட்சி

கீழவாஞ்சூர்,
ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து போனில் அதானி போர்ட்ஸ் சார்ட்டைக் காட்டினாயே, அதைப் பற்றித்தான். விலைமேல் மூவிங் ஆவரேஜ், கீழே ஆர்எஸ்ஐ, அதற்கும் கீழே எம்ஏசிடி. "மூணுமே வாங்குன்னு சொல்லுது மாமா, ரிசல்ட்டுக்கு முதல் நாளே போட்டுடுறேன்" என்றாய். அக்கா பக்கத்தில் இருந்ததால் அப்போது பேசவில்லை.

அந்த மூன்றுமே பழைய விலையைக் கூட்டிக் கழித்துப் போட்ட கணக்கு, மாப்பிள்ளை. ஒரே வீட்டு ஆட்கள் மூன்று பேர் வந்து சொன்னாலும் பஞ்சாயத்தில் அது ஒரு சாட்சிதான். உன் தாத்தா விடியற்காலையில் கரையில் நின்று, அடிக்கிற காற்று கொண்டலா வாடையா என்று பார்ப்பார். நீவாடு என்கிற கடல் ஓட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, தண்ணீர் கலங்கலா தெளிவா என்று தனித்தனியாகப் பார்ப்பார். ஒன்று சரியாக இருந்து மற்ற இரண்டும் சரியில்லை என்றால் அன்றைக்கு வலையைத் தொடமாட்டார்.

விலைக்கு ஒரு கோடு போதும். அடுத்து வால்யூமைப் பார், அதில் டெலிவரி எத்தனை சதவீதம் என்று பார். விலை ஏறிய நாளில் டெலிவரி குறைந்திருந்தால், காலையில் வாங்கி மாலையில் விற்கிறவர்கள் ஏற்றிய விலையாக அது இருக்கலாம்.

பிறகு தொழில். நம் கரையில் நிலக்கரிக் கப்பல்களை எண்ணிவிட்டு லாபம் கூடும் என்கிறாய். 2023 ஏப்ரல் 1-ல் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி போர்ட்ஸ் கைக்கு மாறிய நம்மூர்த் துறைமுகத்தின் கொள்ளளவே சுமார் 2 கோடி டன். 2024-25-ல் அந்தக் கம்பெனி கையாண்டது 45 கோடி டன், முந்த்ராவில் மட்டும் 20 கோடி. போதாததற்கு, சரக்குக் கணக்கை மாதம் பிறந்ததுமே அறிவித்துவிடுகிறார்கள். ரிசல்ட் அன்று அதில் புதுச் செய்தி ஏது?

கடைசியாக, சந்தை எதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று பார். 2024 ஜனவரி 16 மாலை எச்டிஎஃப்சி பேங்க் 16,372 கோடி லாபம் காட்டியது. மறுநாள் பங்கு எட்டு சதவீதத்துக்கு மேல் விழுந்தது. டெபாசிட் போதிய அளவு வளரவில்லை, வட்டி வரும்படி விகிதம் கூடவில்லை என்பதே சந்தையின் கவலை. ஆப்ஷனில் போடலாம் என்று நினைக்காதே. ரிசல்ட்டுக்கு முன் பிரீமியம் வீங்கி நிற்கும், வந்ததும் வடிந்துவிடும். திசையைச் சரியாகச் சொன்னவனுக்கும் காசு போகலாம். ஆப்ஷனும் சேர்ந்த எஃப் அண்ட் ஓ-வில் 2022 முதல் 2024 வரை மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், அக்காவிடம் சொல்லாதே. உன் அத்தையின் வளையலை அடகு வைத்து ஒரு பங்கு வாங்கினேன். ஐந்து சதவீதம் கீழே ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். ரிசல்ட் முதல் நாள் மாலையே வந்துவிட்டது. காலையில் சந்தை திறந்ததே பன்னிரண்டு சதவீதம் கீழே, ஸ்டாப் லாஸ் அந்த விலைக்குத்தான் விற்றது. வளையலை மீட்க இரண்டு வருஷம் ஆயிற்று.

இந்த ரிசல்ட்டுக்குப் பணம் போடாதே. நான் சொன்ன நாலையும் முதல் நாளே நோட்டில் எழுது, மறுநாள் நடந்ததைப் பக்கத்தில் எழுது. நாலைந்து கம்பெனிக்கு அப்படி எழுதி, பொங்கலுக்கு வரும்போது கொண்டுவா. திண்ணையில் உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா