குன்றூர்களுக்குப் போகிறவளுக்குச் சில சொற்கள்

கண்ணு, சொந்தச் சம்பாத்தியத்தில் இத்தாலிக்குக் கிளம்புகிறாய். ரோமையும் வெனிஸையும் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நடு இத்தாலியின் உம்பிரியாவிலும் அதைச் சுற்றிலும் உள்ள குன்றூர்களையும் ஏரிக்கரைக் கிராமங்களையும் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அங்கே நீ விருந்தாளி. இதை மறக்காமல் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

1. ஊர்களைக் குறைத்துக்கொள், இரவுகளைக் கூட்டிக்கொள். ரோமிலிருந்து ரயில் ஏறி ஓர்வியேத்தோவில் இறங்கி, 1290இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தைப் பார்த்துவிட்டு மாலை ரயிலிலேயே திரும்புகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் போன பிறகுதான் ஊர் தன் மக்களிடம் திரும்பி வருகிறது. பாட்டிமார், பேரன் பேத்திகள், வேலை முடித்தவர்கள் எல்லோரும் கடைத்தெருவில் மேலும் கீழுமாக நடந்து பேசிக்கொள்ளும் அந்த மாலை உலா, தங்குகிறவருக்கே கிடைக்கும்.

2. காரைக் குன்றின் அடியில் விட்டுவிடு. பழைய தெருக்களில் வெளியார் வண்டி நுழையத் தடை உண்டு. கேமரா படம் பிடித்துவிடும், அபராதச் சீட்டு பிறகு வீடு தேடி வரும். ஓர்வியேத்தோ ரயில் நிலையத்தின் எதிரிலேயே, கம்பிவடம் இழுக்கும் சிறு ரயில் மேலே ஏற்றிவிடும். கல் பாவிய சரிவுகளுக்கு நல்ல செருப்பு வேண்டும்.

3. எதைப் பார்த்தாலும், யாருடைய அச்சம் இதைக் கட்டியது என்று கேள். 1527இல் படைகள் ரோமைச் சூறையாடியபோது போப் ஏழாம் கிளெமென்ட் ஓர்வியேத்தோவில் அடைக்கலம் புகுந்தார். முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற கவலையில், கட்டடக் கலைஞர் சங்கால்லோவைக் கொண்டு பாறையைக் குடைந்து ஒரு கிணறு வெட்டச் சொன்னார். ஆழம் ஐம்பது மீட்டருக்கு மேல். இரண்டு சுருள் பாதைகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். அந்தக் காலத்தில் ஒன்றில் இறங்கிய கோவேறு கழுதைகள், தண்ணீர் சுமந்து மற்றொன்றில் ஏறின. இறங்கியவையும் ஏறியவையும் எதிரெதிரே முட்டிக்கொண்டதே இல்லை. 1537இல் வேலை முடிந்தபோது கிளெமென்ட் உயிரோடு இல்லை. அந்தப் படிகளில் நான் இறங்கியபோது உள்ளூர்க்காரர் ஒருவர், பாதையைப் பார்க்காதே, உள்சுவரின் சன்னல் வழியே எதிர்ப்புறம் ஏறுகிறவர்களைப் பார் என்றார். நின்று பார்த்தேன். அந்த அறிவின் அழகு அப்போதுதான் பிடிபட்டது. நீயும் அவசரப்படாமல் இறங்கு.

4. சன்னல் என்றால் அதற்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. சிவிட்டா தி பான்யோரெஜியோ என்ற குன்றூர் களிமண் அடித்தளத்தின் மேல் நிற்கிறது. மழையும் காற்றும் அதைக் கரைத்துக்கொண்டே இருக்கின்றன. நீண்ட நடைபாலம் ஒன்றுதான் வழி. 2013 முதல் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். முகம் சுளிக்காமல் கொடு. ஆண்டு முழுதும் குடியிருப்பவர்கள் மிகச் சிலரே. பூந்தொட்டி வைத்த சன்னலை நோக்கிக் கூட்டம் கேமராவைத் தூக்கியதும் உள்ளேயிருந்த அம்மாள் கதவைச் சாத்தியதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் ‘புவோன்ஜோர்னோ’ சொல்லி வணங்கு. படம் பிறகு ஆகட்டும், ஆகாவிட்டாலும் குறையில்லை.

5. மதியம் கடை சாத்தியிருக்கும், மாலை நான்கு வரைகூட. ஞாயிற்றுக்கிழமை பேருந்து அரிது. கோபப்படாதே. ரொட்டியும் பழமும் பையில் வைத்துக்கொண்டு நிழல் பார்த்து உட்கார்.

6. ஏரிக்கரைக்கு வேறு பொறுமை வேண்டும். டிராசிமெனோ ஏரி 128 சதுர கிலோமீட்டர் விரிந்தாலும் அதிகபட்ச ஆழமே ஏறக்குறைய ஆறு மீட்டர்தான். இயற்கையாக வெளியேறும் ஆறு இல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் கரை பின்வாங்கிப் படகுத்துறைகள் தவிக்கும். கி.மு. 217இல் அதன் வடகரையில், மூடுபனியில் பதுங்கியிருந்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் படை ரோமானியரை அழித்தது. அந்தக் கரையில் இன்று வயல்கள். பாசிஞ்ஞானோவிலிருந்து படகேறி மஜோரே தீவுக்குப் போ. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவின் மீனவக் குடும்பத்துப் பெண்கள் ஐரிஷ் முறை லேஸ் பின்னக் கற்றார்கள். வாங்க நினைத்தால் பேரம் பேசாதே, கண்ணு. ஒரு சிறு துண்டுக்குப் பின்னால் எத்தனை நாள் கைவேலை என்று உட்கார்ந்து கேள். வாங்க முடியாவிட்டால் கேட்டதற்கு நன்றி சொல்லி எழுந்திரு. மீன்குழம்பு கிடைத்தால் சாப்பிடு; அதைத் ‘தெகமாச்சோ’ என்பார்கள். ஏரியில் பிடித்த பலவகை மீன்களை மண்சட்டியில் மெல்ல வேகவைத்தது.

7. அசிசியில் முழுமையான ஓவியங்களை மட்டும் பார்த்துவிட்டு வராதே. 1997 செப்டம்பர் 26இல் நிலநடுக்கத்தில் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் மேல்விதானம் இடிந்து, சேதத்தைப் பார்வையிட உள்ளே போயிருந்தவர்களில் நால்வர் இறந்தனர். நொறுங்கிய சுவரோவியங்களைச் சில்லு சில்லாகப் பொறுக்கி ஒட்டினார்கள். ஒட்ட முடியாத இடங்கள் வெறுமையாகவே இருக்கின்றன. அங்கே தலை நிமிர்த்திக் கொஞ்ச நேரம் நில். குரலைத் தாழ்த்து, தோளை மூடிக்கொள்.

8. மொழி தெரியாது என்று ஒதுங்காதே. இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலியின் குடும்பம் மோந்தேபுல்சியானோ என்ற குன்றூரைச் சேர்ந்தது, டிராசிமெனோவிலிருந்து தொலைவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த அவர், நம் உணவையும் உடையையும் ஏற்று, தமிழ் கற்று, தமிழிலேயே உரைநடை நூல்கள் எழுதினார். அவ்வளவு உன்னிடம் யாரும் கேட்கவில்லை. பத்துச் சொற்கள் கற்றுப் போ. மோந்தேபுல்சியானோவுக்கு ஒரு பகலை ஒதுக்கு. நீ தமிழ் பேசுகிறவள் என்று தங்கும் வீட்டில் சொல். நம் ஊரைப் பற்றிக் கேட்பார்கள். உட்கார்ந்து, நிதானமாகச் சொல்லிவிட்டு வா.