பின் டிரம் பிரேக்: கேபிளா, ஷூவா, டிரம்மையே கழற்றுவதா?

பழைய காரில் ஹேண்ட் பிரேக் லீவர் உச்சி வரை வந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், பல ஒர்க்ஷாப்களில் முதலில் கை போவது கேபிளுக்குத்தான். நட்டை நாலு திருகு திருகினால் லீவர் விறைப்பாகிவிடும், வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலும் கேபிள் நீண்டிருக்காது. லைனிங் தேய்ந்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். அதை அப்படியே விட்டுக் கேபிளை இழுத்தால், லீவரை இறக்கிய பிறகும் ஷூ முழுதாகப் பின்வாங்காது. உரசிக்கொண்டே ஓடி டிரம் சூடேறும். தானாக அட்ஜஸ்ட் ஆகும் பிரேக்கில் இன்னொரு கெடுதலும் உண்டு. ஷூ தன் பழைய இடத்துக்குத் திரும்பாததால் உள்ளே இருக்கும் அட்ஜஸ்டர் வேலை செய்வதையே நிறுத்திவிடும்.

எந்த வழி என்று முடிவெடுக்கும் முன் பெடலைக் கேளுங்கள். முதல் மிதியில் ஆழமாக இறங்கி, உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறதா? அது இடைவெளிதான், அட்ஜஸ்ட் செய்தால் சரியாகும். பஞ்சு போல அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டரையும் பிரேக் ஆயில் கசிவையும் பாருங்கள். பின்னிரண்டுக்கும் ஷூவைத் திருகிப் பயனில்லை.

வெளியிலிருந்தே அட்ஜஸ்ட் செய்ய வசதியுள்ள வண்டி என்றால் என் முதல் தேர்வு அதுதான். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான, இலங்கைச் சாலைகளில் இன்றும் பார்க்கக் கிடைக்கும் மோரிஸ் மைனர் இதற்கு நல்ல உதாரணம். நான்கு சக்கரமும் டிரம்; முன்சக்கரத்துக்கு இரண்டு அட்ஜஸ்டர், பின்சக்கரத்துக்கு ஒன்று. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். ஹப் கேப்பைக் கழற்றிச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் துளைக்கு நேரே அட்ஜஸ்டரின் தலை தெரியும். ஸ்க்ரூ டிரைவரால் வலப்பக்கமாகத் திருப்பிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை கொண்டுபோய், ஒரே ஒரு க்ளிக் பின்னால் விடுங்கள். பெடலை ஓங்கி மிதித்தால் ஷூ நடுவில் உட்காரும். பிறகு மறுபடி சுற்றிப் பாருங்கள். இங்கே கை ஏமாறும் இடம் ஒன்று உண்டு: பின்சக்கரத்தைச் சுற்றும்போது டிஃபரன்ஷியலும் சேர்ந்து சுற்றும், அதன் கனத்தை ஷூவின் பிடி என்று நினைத்துவிடலாம். அதனால் காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் உரசினால் டிரம் கோணியிருக்கக்கூடும். அது லேத் வேலை.

மாருதி 800 போன்ற தானியங்கி அட்ஜஸ்டர் உள்ள வண்டிகளில் கதை வேறு. அங்கே இடைவெளி கூடியிருந்தால் அட்ஜஸ்டர் துருப்பிடித்தோ அழுக்கேறியோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். டிரம்மைக் கழற்றியே ஆக வேண்டும். நேரமும் சிரமமும் அதிகம்தான், ஆனால் லைனிங்கின் கனம், ஸ்பிரிங், வீல் சிலிண்டரின் ரப்பருக்குக் கீழே ஈரம் இருக்கிறதா என்பதெல்லாம் இதில்தான் கண்ணுக்குத் தெரியும். பிரேக் ஆயில் ஊறிய லைனிங்கை உப்புத்தாளில் தேய்த்துத் திரும்ப மாட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குக் கொடியது. ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. வெளி அட்ஜஸ்டர் உள்ள வண்டியிலும் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் தளர்கிறது என்றால் இந்த வழிக்கே வாருங்கள்.

பழைய வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: அதன் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் தனி டிரம்மில் இருக்கிறது. பின் ஷூவை எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் அது மாறாது.

ஷூ சரியான பிறகும் லீவர் உயரமாகவே வந்தால், அப்போது கேபிளைத் தொடலாம். அதற்கு முன் அது உறைக்குள் தடையில்லாமல் ஓடுகிறதா, இழை பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இழை பிரிந்த கேபிளை இறுக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

வேலை முடிந்ததும் நெரிசலில்லாத சாலையில் பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு பின் டிரம்களுக்கு அருகிலும் தொடாமல் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கத்தை இன்னொரு க்ளிக் தளர்த்துங்கள். அப்படியும் சூடு குறையாவிட்டால் ஷூ எங்கோ சிக்குகிறது, டிரம்மைக் கழற்ற வேண்டியதுதான்.